ரோம் நகரை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு: ஒரு முன்னாள் ரயில்வே முன்பதிவு எழுத்தரின் திட்டம்

ரோமுக்குப் போக முடிவானதும் எல்லோரும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுகிறார்கள். நான் வரிசைகளைப் பட்டியல் போடச் சொல்வேன். எங்கே கூட்டம் நிற்கும், முன்பதிவு செய்து அதைத் தாண்ட முடியுமா, கிழமையை மாற்றினால் குறையுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் பயணத் திட்டம் பாதி முடிந்தது. என் உத்தியோகம் முழுவதும் திருச்சியில் ரயில் முன்பதிவுக் கவுண்டரில் கழிந்தது. கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, வெளியே நின்று நின்று சலித்துப்போன முகங்களைப் பார்த்தே வயதானவள் நான். ஆகவே ஓய்வூதியப் பணத்தில் ஒரு முறை ஐரோப்பா பார்ப்பது என்று என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் நானும் கிளம்பியபோது, ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: ஒரே ஊர், அதுவும் நிதானமாக. 'பத்து நாளில் ஏழு நாடு' என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாவில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பஸ் ஜன்னலைத்தான்.

எப்போது, எத்தனை நாள்

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள நாட்களும் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 'நாங்கள் திருச்சி வெயிலையே பார்த்தவர்கள்' என்று பேசாதீர்கள். திருச்சியில் நாம் மத்தியானத்தில் வீட்டுக்குள் இருப்போம். அங்கே நிழலே இல்லாத இடிபாடுகளுக்கு நடுவே நிற்போம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள். சிறிய கடைகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும். ஈஸ்டர் வாரத்தில் உலகக் கத்தோலிக்கர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். வழிபடப் போகிறவர்கள் அப்போது போகலாம். ஊர் பார்க்கப் போகிறவர்கள் தேதியைத் தள்ளி வைக்கலாம்.

முதல்முறை என்றால் ஐந்து முழு நாட்கள் வேண்டும். நான்கு நாளிலும் முடியும், ஆனால் அந்த ஐந்தாவது நாளில்தான் அவசரமில்லாமல் ஊரைப் பார்ப்பீர்கள்.

விசா விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறையக் கூடாது. கோடை விடுமுறை நெருங்கினால் மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், நாள் முடிவானதுமே அந்த வேலையில் இறங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அது பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாடுகள் போவதாக இருந்தால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களைப் போன்ற ஓய்வூதியர்கள் வங்கிக் கணக்கு விவரத்துடன் ஓய்வூதிய ஆணையின் நகலையும் சேர்த்து வையுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு டிக்கெட்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: நேரம் குறித்த டிக்கெட் ஒரு நாளுக்கு ஒன்றுதான், அதுவும் காலையில். ரோமில் அப்படி முன்கூட்டியே எடுத்தே தீர வேண்டியவை மூன்று: கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், போர்கேசே கலைக்கூடம். மற்றவற்றைப் போகிற போக்கில் பார்க்கலாம்.

முதலில் கொலோசியம். வெஸ்பாசியன் பேரரசர் தொடங்கி, அவர் மகன் தீத்துஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்த அரங்கம். அதன் டிக்கெட் 30 நாட்களுக்கு முன்புதான் அதிகாரபூர்வ இணையதளத்தில் திறக்கும். நல்ல காலை நேரங்கள் நம் தட்கல் டிக்கெட்டைப் போலக் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இத்தாலி நேரம் நம்மைவிட கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்தங்கியது. அதைக் கணக்கிட்டு உட்காருங்கள். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே பக்கத்தில் உள்ள, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமானிய மன்றமும் பாலடைன் குன்றும் அடக்கம். 24 மணி நேரம் செல்லும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். நம் தகப்பன் பெயர், முதலெழுத்துக் குழப்பங்களை அந்த ஊர்க் காவலரிடம் விளக்க முடியாது.

ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் கொலோசியம் இலவசம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும். இந்த இரண்டு நாளையும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். 18 யூரோ மிச்சம் பிடிக்க அரைநாளை வரிசையில் செலவிடுவது எந்தக் கணக்கில் லாபம்?

கொலோசியத்துக்குள் ஒன்றரை மணி நேரம் போதும் என்பது என் எண்ணம். அடுத்துள்ள மன்றத்துக்குத்தான் அதிக நேரம் வையுங்கள். முன்கூட்டி எதையும் படிக்காமல் போனால் அது வெறும் உடைந்த தூண்களாகத் தெரியும்; என் வீட்டுக்காரர் பத்து நிமிடத்தில் "இனி என்ன?" என்று கேட்டார். நான் அவரை மக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பிரம்மாண்டமான வளைவுகளுக்கு எதிரே உட்கார வைத்தேன். அந்த மண்டபம் எழும்புவதற்கு முன்பு அதே இடத்தில், தொமிதியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறையில் யவனர் பொன்னைக் கொடுத்து ஏற்றிச் சென்றார்களே, அந்த மேற்குக் கடற்கரை மிளகு வந்து சேர்ந்த இடம் இது. கரூரிலும் கோவைப் பக்கத்திலும் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த ரோமானியக் காசுகளுக்கு மறுமுனை இங்கே இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு மனிதர் ஒரு மணி நேரம் அசையவில்லை. முழங்கால் வலியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று மத்தியானம், கொலோசியத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சான் கிளெமென்தே தேவாலயத்துக்குக் கட்டாயம் போங்கள். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கோவில். படியிறங்கினால் அதற்குக் கீழே நான்காம் நூற்றாண்டுக் கோவில். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடம், அதற்குள் மித்ரா தெய்வத்தை வழிபட்ட ஒரு குகை போன்ற அறை. அங்கே நின்றால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். 1857-இல் ஐரிஷ் டொமினிக்கன் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கியதால்தான் இதெல்லாம் வெளிப்பட்டது. மேல் கோவிலுக்குக் கட்டணம் இல்லை, கீழே போக டிக்கெட் உண்டு. ரோம் எப்படி அடுக்கடுக்காக எழுந்தது என்பதை இந்த ஓர் இடம் காட்டிவிடுகிறது. மெட்ரோவின் சி தடம் இழுத்துக்கொண்டே போனதற்கும் இதுவே காரணம்: தோண்டுமிடமெல்லாம் ஏதாவது அகப்பட்டால் ரயில்வேக்காரர்கள் என்னதான் செய்வார்கள்?

வத்திக்கான்

அருங்காட்சியகமும் புனித பேதுரு பெருங்கோவிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வாசல்கள் வேறு. மதிலைச் சுற்றிக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். பெருங்கோவிலுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு. அது காலை 7 மணிக்குத் திறக்கிறது. அப்போதே போய்விட்டால் வரிசை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பது வழக்கம் என்பதால் அன்று காலை கோவில் பார்க்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா சிலை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள்; மின்தூக்கி டிக்கெட் எடுத்தாலும் 320 படிகள் மிச்சம். கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்து வரும், வழியும் குறுகும். முழங்கால்காரர்களைக் கீழேயே விட்டுவிடுங்கள். அவர்களுக்கு வெளிச் சதுக்கத்தில் ஒரு வேலை கொடுங்கள்: சிற்பி பெர்னினி நிறுத்திய தூண் வரிசைகளின் எதிரே, தரையில் பதித்த ஒரு வட்டக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் மேல் நின்றால் நான்கு வரிசைத் தூண்களும் ஒன்றன் பின் ஒன்று மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். நாத்தனார் அந்தக் கல்லை விட்டு இறங்குவதும் ஏறுவதுமாகவே இருந்தார்.

அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போனபோது 20 யூரோவும் முன்பதிவுக்கு 5 யூரோவும் வாங்கினார்கள். சிஸ்டைன் சிற்றாலயம் பாதையின் கடைக்கோடியில் இருக்கிறது. அதற்குள் பாதிப் பேர் களைத்துவிடுவார்கள். ஆகவே வழியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். வரைபடக் கூடத்தையும் ரஃபேல் அறைகளையும் மட்டும் நின்று பாருங்கள். சிற்றாலயத்தின் சுவரோரம் பெஞ்சுகள் உண்டு. ஓர் இடம் காலியாகும்வரை காத்திருந்து உட்கார்ந்துவிடுங்கள். விதானம் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தது. பலிபீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, அதே கை, வயதான பிறகு வரைந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் ஒரு மனிதருக்குள் நடந்த மாற்றம் தெரியும். படம் எடுக்க அனுமதி இல்லை.

கோவிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கும் சல்வாருக்கும் கவலையில்லை. அரைக்கால் சட்டை போட்ட நம் வீட்டு ஆண்பிள்ளைகளைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

டிக்கெட் இல்லாத ரோம்

ஊர் போய்ச் சேரும் நாளில் நேரம் குறித்த எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியைப் போட்டுவிட்டு, மாலையில் நவோனா சதுக்கத்திலிருந்து, பழைய ரோமானியக் கோவிலான பாந்தியன் வழியாக ட்ரெவி நீரூற்றுவரை நடங்கள். ட்ரெவியில் கூட்டம் மொய்க்கும். விடியற்காலையில் இன்னொரு முறை வந்தால் தண்ணீரின் இரைச்சல் காதில் விழும். அங்கே வந்து விழும் தண்ணீரின் தடத்தை கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா போட்ட கால்வாயோடு தொடர்புபடுத்தலாம். அதே அக்ரிப்பாவின் பெயர்தான் பாந்தியன் முகப்பிலும் பொறித்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடம் பேரரசர் ஹாத்ரியன் காலத்தது. தனக்கு முன்பு அங்கே கட்டியவரின் பெயரை அந்தப் பேரரசர் அழிக்காமல் விட்டிருக்கிறார். பாந்தியனுக்கு 5 யூரோ. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சிவரை உள்ள உயரமும் ஒன்றே: ஏறக்குறைய 43 மீட்டர். கம்பி வைக்காத கான்கிரீட். உச்சியில் திறந்த வட்டம் இருப்பதால் மழை உள்ளேயே பெய்யும். தரையில் வடிகால் துளைகள் உண்டு. மழை வந்தால் எல்லோரும் விடுதிக்கு ஓடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்கு ஓடுங்கள்.

கரவாஜ்ஜோவின் ஓவியங்களைப் பார்க்கப் பணம் வேண்டியதில்லை. சான் லூயிஜி தெய் பிரான்சேசி தேவாலயத்தில் புனித மத்தேயு பற்றிய மூன்று, சாந்தா மரியா தெல் பொப்போலோவில் இரண்டு, சாந்த் அகொஸ்தினோவில் ஒன்று. இருட்டாக இருக்கும், பக்கத்தில் உள்ள பெட்டியில் ஒரு காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது போடட்டும் என்று காத்திருக்கும் கூட்டத்தையும் அங்கே பார்க்கலாம். பெரும்பாலான தேவாலயங்கள் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்றரை நான்குக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் சாப்பிட்டு, உட்கார்ந்து, கண் அயருங்கள்.

லார்கோ அர்ஜென்டினா சதுக்கத்தில் சாலை மட்டத்துக்குக் கீழே நாலு பழைய கோவில்கள் கிடக்கின்றன. ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற மண்டபம் அந்த வளாகத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே பூனைகள் வெயில் காய்கின்றன. ஜனிக்கோலோ குன்றில் தினமும் சரியாக 12 மணிக்கு ஒரு பீரங்கி வெடிப்பார்கள். அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும்.

போர்கேசே கலைக்கூடத்தைப் பற்றி ஒரே வரி: இரண்டு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்காக விடுவதால் கூட்ட நெரிசல் இல்லை, பெர்னினியின் பளிங்கில் புராணப் பெண் தாஃப்னேயின் விரல்கள் இலைகளாக மாறுவதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கலாம்.

தங்குவது, நடப்பது, பர்ஸ்

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ்: 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. ட்ராஸ்தேவெரே பக்கம் தங்கினால் 8 யூரோ உள்ளூர் ரயிலே போதும். பழைய நகரைச் சுற்றியுள்ள ஆரேலியன் மதிலுக்குள் எங்கே போனாலும் வெள்ளை நிற அரசு அங்கீகார டாக்ஸிக்கு நிலையான கட்டணம், 55 யூரோ, அது வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. மூன்று பேர், மூன்று பெரிய பெட்டி என்றால் ரயிலுக்கு 42 ஆகும். மிச்ச 13 யூரோவுக்கு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதோரம் பேசுகிறவர்களோடு போக வேண்டாம்.

உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்தான், அபராதம் போடுவார்கள். பரிசோதகரை நான் குறை சொல்ல மாட்டேன். நகருக்குள் மெட்ரோ, பஸ் டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் கிடைக்கும்.

விடுதி பதிவு செய்யும்போது மின்தூக்கி இருக்கிறதா, எத்தனை பேர் நிற்கலாம் என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நுழைவதே கஷ்டம். அறை வாடகைக்கு மேல் நகர வரி உண்டு, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று. விடுதியின் தரத்தைப் பொறுத்துக் கூடும். தெர்மினியை ஒட்டிய எஸ்குவிலினோ பகுதி அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ள சந்தையில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் வெண்டைக்காயும் கிடைக்கும். சமையலறையோடு அறை எடுத்த எங்களுக்கு அதுவே அழகாகத் தெரிந்தது.

தெருக்களில் சிறிய கருங்கற்கள் பாவியிருப்பார்கள். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். பெட்டியின் சக்கரத்துக்கும் அது சோதனை. தண்ணீர் வாங்காதீர்கள். தெருமுனைகளில் வளைந்த மூக்குள்ள இரும்புக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும், வாய் வைத்துக் குடிக்கலாம். ஸ்பானியப் படிக்கட்டுகளில் மட்டும் உட்காராதீர்கள், 2019 முதல் தடை. அபராதம் 250 யூரோவிலிருந்து.

தெர்மினி மெட்ரோவும், அங்கிருந்து வத்திக்கான் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் ஜேப்படிக்காரர்களுக்குப் பெயர் போனவை. பையை முன்னால் மாட்டுங்கள். ஆண்கள் பின்பாக்கெட்டில் எதையும் வைக்கக் கூடாது. கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜா நீட்டுகிறவர், கையெழுத்துக் கேட்கிறவர், கிளாடியேட்டர் வேடம் போட்டுப் படத்துக்கு நிற்கிறவர் என யாரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

சைவச் சாப்பாடு

என் நாத்தனார் முட்டைகூடத் தொடாதவர். அவரை வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டது இது. கார்பொனாரா, அமாத்ரிசியானா, கிரிச்சா என்னும் பாஸ்தா வகைகள் மூன்றிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. சுப்ளி என்னும் சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் கறிச் சாறு கலந்திருக்கும். புந்தாரெல்லே கீரையில் நெத்திலி அரைத்து ஊற்றுவார்கள். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே" என்று சொன்னால் இறைச்சியும் மீனும் இல்லாமல் தருவார்கள். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போடும் காச்சோ எ பெப்பே பாஸ்தா நமக்கு உடனே பிடிக்கும். ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியைச் சேர்ப்பது வழக்கம் என்பதைக் கறாரான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே கிடையாது. தக்காளி, பூண்டு, எண்ணெய்தான். தட்டுத் தட்டாகச் சுட்டு வைத்திருக்கும் பீட்சாவை எவ்வளவு என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். பழைய யூதர் குடியிருப்பில் பூப்போல விரித்துப் பொரித்த கூனைப்பூ கிடைக்கும், தவற விடாதீர்கள்.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு, அதுவும் புகழ்பெற்ற சதுக்கங்களில் இரண்டு மூன்று மடங்கு. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் நல்ல இடங்களில் கிடைக்காது. நம் பெரியவர்களுக்கு மருந்து நேரம் இருந்தால் மாலையில் ஒரு பீட்சாத் துண்டைக் கொடுத்து வையுங்கள்.

ஐந்தாவது நாள்: ஓஸ்தியா

எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகருக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான், அலைச்சல் அதிகம். அதற்குப் பதில் ஓஸ்தியா அன்டிகா போங்கள், ரோமின் பழைய துறைமுகம். பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டியுள்ள போர்தா சான் பாவ்லோ நிலையத்தில் ரயில் ஏறினால் அரைமணி நேரம், அதே 1.50 யூரோ டிக்கெட் போதும். அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சதுக்கத்தைச் சுற்றி, கப்பல் வணிகர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பெயர்ப்பலகை: கப்பல், கலங்கரை விளக்கம், யானை. எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் கூட்டத்தார் என்று எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி அமைத்திருக்கிறார்கள். கவுண்டருக்கு மேல் மும்மொழியில் பலகை மாட்டியும் தவறான வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தவள் நான். எனக்கு அந்த யானை மிகவும் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை ஓஸ்தியா மூடியிருக்கும். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, ரோமிலேயே வாங்கிய பீட்சாத் துண்டு மூன்றும் பையில் இருக்கட்டும். உள்ளே மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருப்பதால் காலை எட்டரை மணி ரயிலையே பிடியுங்கள். அதே தடத்தில் மேலும் சில நிலையம் தாண்டினால் கடற்கரை வரும். மெரினா பார்த்தவர்கள் அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.